பதினோராம் பாடத்தில் வெட்டிய வரி

எனக்கு முன்கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இல்லை என்று நான் மறுத்ததில்லை. ரசத்தில் உப்புக் கூடினால் வரும், ரயில் தாமதமானால் வரும். ஒரு தாம்பூலம் போட்டுத் துப்புவதற்குள் போய்விடும். போகாமல் தங்கிவிட்ட கோபம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பாடப் புத்தகத்தைப் பற்றியது. அந்தப் புத்தகத்தை எழுதியவனும் நான்தான்.

வேலூரில் வக்கீல்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தில் சில வருஷம் உத்தியோகம் பார்த்தேன். அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியார். அதற்கும் முன்னால், மதராஸில் ஒரு வருஷம் சட்டம் படித்து, அப்பா காலமானதும் பாதியில் ஊர் திரும்பியவன். வக்கீலும் இல்லை, சட்டம் தெரியாதவனும் இல்லை. இப்படி ஒரு ரெண்டுங்கெட்டான் கிடைத்தால் சங்கத்துக்கு வேறென்ன வேண்டும்? சட்டத்தைத் தமிழில் பாடமாக எழுதிப் புத்தகம் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நூல் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டுத் தாழ்வாரத்தைத் தட்டி வைத்து மறைத்து எனக்கு ஓர் அறை ஆக்கித் தந்தார்கள். சித்திரை வைகாசியில் அங்கே உட்கார்ந்து எழுதினால் பேனா முள்ளிலேயே மை காய்ந்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

புத்தகம் யாருக்கு என்றால், வக்கீல் குமாஸ்தாக்களுக்கு. கோர்ட்டு விவகாரம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிராமத்திலிருந்து ஒருவன் வழக்கு என்று வந்தால் நேரே வக்கீலைப் பார்த்துவிட முடியாது. வாசலில் சிறுமேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாதான் முதலில் கேட்பார். வழக்கு நிற்கும் என்று அவருக்குத் தோன்றினால் உள்ளே அனுப்புவார். நிற்காது என்று தோன்றினால், "ஊருக்குப் போய்ப் பொழப்பைப் பாரு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பது கோயிலுக்கு எவ்வளவு பொருத்தமோ தெரியாது, கோர்ட்டுக்கு ரொம்பப் பொருத்தம்.

அந்தக் குமாஸ்தாக்கள் பாதிப் பேருக்குச் சட்டம் காதுவழிதான். அதனால் சங்கம் ஒரு முடிவு செய்தது. தமிழில் பாடப் புத்தகம் போடுவது, அதிலிருந்து பரீட்சை வைப்பது, தேறியவனுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பது; பத்திரம் இல்லாதவனைச் சங்கத்து வக்கீல் யாரும் குமாஸ்தாவாக வைத்துக்கொள்வதில்லை. நல்ல முடிவுதான். அதை இப்போதும் சொல்லுவேன்.

நானும் அந்த வேலையை ஆசையோடுதான் செய்தேன். இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தில் ஒருவன் இன்னொருவனுக்குக் குதிரை விற்பான். என் பாடத்தில் ஆட்டுத்தோல் விற்பான். அங்கே கப்பல் மூழ்கும். இங்கே பாலாற்று மணலில், தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி புதையும். வண்டி புதைந்தால் நஷ்டம் யாருடையது என்று கேட்டால் ஆம்பூர்க்காரன் உடனே நிமிர்ந்து உட்கார்வான். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் நாலைந்து வரியில் சாரம் கொடுத்திருந்தேன். குமாஸ்தாக்கள் அதை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சங்கத்துப் பின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பஜனை பாடுகிற மாதிரி எல்லோருமாகச் சேர்ந்து சொல்லுவார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். கேட்டுக்கொண்டே ரெண்டு இட்லி அதிகமாகச் சாப்பிடுவேன்.

பதினோராம் பாடம் தண்ணீரைப் பற்றியது. ஒருவன் தன் இடத்திலிருந்து கழிவுத் தண்ணீரை விட்டு, பக்கத்து நிலத்துத் தண்ணீர் கெட்டுப் போனால் என்ன? சட்டம் முதலில் பக்கத்து நிலத்துக்காரன் பக்கம்தான் பேசுகிறது. அவன் வழக்குப் போடலாம். ஆனால் இருபது வருஷம் யாரும் தடுக்காமல் விட்டுவந்தால், விடுகிறவனுக்கு அதுவே உரிமையாகிவிடும். இதற்கு அடுத்து ஒரு வரி வரும். அதுதான் முக்கியம். அந்த இருபது வருஷத்தைத் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பக்கத்து நிலத்தில் தண்ணீர் கெட்டது முதன்முதலாகத் தெரியவந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். தோல் பதனிடும் ஊரில் இந்த ஒரு வரிக்குள்தான் ஏழை பாழையின் கிணறு முழுவதும் இருக்கிறது. டேனரி, அதாவது தோல் ஷாப்பு, முப்பது வருஷமாக இருக்கலாம். கிணறு கெட்டது மூன்று வருஷம் முன்னால் என்றால் வழக்கு நிற்கும்.

சாரத்திலும் அந்த வரியைச் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தேன்.

சங்கத்துத் தலைவர் பெரிய வக்கீல். நல்ல குரல், நல்ல சிரிப்பு, விரலில் எப்போதும் ஒரு நீலப் பென்சில். புரூப் எல்லாம் அவர் பார்வைக்குப் போய்த்தான் அச்சுக்குப் போகும். ஒரு நாள் என் அறைக்கே வந்தார். அவர் அங்கே வருவது அதிசயம்.

"வாத்தியாரே, பதினாறு பக்கம் ஒரு பாரம். மூணு வரி அதிகமாகி அடுத்த பாரத்துக்குத் தாவுதுன்னு பிரஸ்ஸுல சொல்றான். குறைச்சுட்டேன் பாருங்க" என்றார்.

பார்த்தேன். பதினோராம் பாடத்தில் அந்த வாக்கியத்தின் மேல் நீலக்கோடு. சாரத்திலும் நீலக்கோடு. இருபது வருஷம் இருக்கிறது. எங்கிருந்து எண்ணுவது என்பது இல்லை.

"இது போனா பாடமே போச்சு சார். வேற எங்கயாவது மூணு வரி எடுத்துத் தரேன். முகவுரையில சங்கத்தைப் பத்தி ரெண்டு பக்கம் இருக்கே" என்றேன்.

"முகவுரை நான் எழுதினது" என்றார் சிரித்துக்கொண்டே.

"அதனாலதான் சார் தைரியமாச் சொன்னேன்."

அவர் சிரிப்பு மாறவில்லை. வண்டி புதைகிற பாடத்தில் எடுக்கலாம், கேள்விகளில் எடுக்கலாம் என்று நான் இடம் இடமாகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நீலக்கோடு நீலக்கோடாகவே அச்சுக்கூடத்துக்குப் போயிற்று. புத்தகம் வெளிவந்தது. குமாஸ்தாக்கள் பஜனையை ஆரம்பித்தார்கள். "இருபது வருஷத்துக்கு மேல் நடக்கும் தொழிலின் கழிவுத் தண்ணீருக்காக வழக்கு நிற்காது" என்று அவர்களே ஓசைநயத்தோடு சுருக்கிக்கொண்டார்கள். வெட்டிய இடத்தில் புண் ஆறி மேலே தோலும் மூடிவிட்டது.

அதுவரைக்கும் அதை ஒரு பெரிய மனுஷனின் அசட்டுப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். முகவுரையை வெட்டச் சொன்ன ஆத்திரம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேல் எனக்கு வருத்தம் இல்லை. யோக்கியன் வேறெப்படி நினைப்பான்?

ஆனி மாதம் ஆம்பூரில் பரீட்சை நடத்தப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். கேள்வித்தாள் தலைவர் தயாரித்தது; உறையைப் பிரித்துக் கொடுப்பதும் விடைத்தாளைத் திருத்துவதும்தான் என் வேலை. அதில் ஒரு கேள்வி: இருபத்தைந்து வருஷமாக நடக்கும் ஒரு டேனரியின் தண்ணீரால், நாலு வருஷம் முன்பு பக்கத்துக் கிணறு கெட்டுப் போயிற்று. கிணற்றுக்காரன் வழக்குப் போட்டால் நிற்குமா?

விடைத்தாள்களைக் கட்டும்போது புரட்டிப் பார்த்தேன். நிற்காது. நிற்காது. நிற்காது. ஒவ்வொருவன் கையெழுத்தும் வேறு, வாக்கியம் ஒன்றே. சரியான விடை நிற்கும் என்பது. புத்தகப்படி, தவறாக எழுதியவனுக்கெல்லாம் முழு மார்க்கு நான் போட வேண்டும். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இதைவிட ஒரு தண்டனை இருக்கிறதா என்று தெரியவில்லை.

பரீட்சை முடிந்து வாசலுக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு குமாஸ்தா நின்றிருந்தார். ஆம்பூரிலேயே ஒரு வக்கீலிடம் வேலை. கெட்டிக்காரர், குணமும் நல்ல குணம்தான். அவரைத் தேடிக்கொண்டு ஒரு நிலத்துக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஊர், ஆற்றை ஒட்டி, டேனரிக்கு அடுத்த வரப்பு. அந்த அம்மாள் கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதில் கிணற்றுத் தண்ணீர். தோல் ஊறிய பட்டைத் தண்ணீர் நிறத்தில் சிவப்பாக இருந்தது. வாசனையைச் சொல்ல வேண்டாம்.

"எருமை மூஞ்சத் திருப்பிக்குது ஐயா. நாலு வருசமா இப்டித்தான். டேனரிக்காரங்க எங்க வரப்பு வரைக்கும் புதுசாக் குழி வெட்டினாங்க, அடுத்த மழைக்கே தண்ணி கெட்டுப் போய்ட்டுது. நெல்லு கருகிப் போச்சு. குடிக்க அவ ரெண்டு கல்லு நடந்து போய்க் கொண்டாறா" என்றார் நிலத்துக்காரர்.

"இப்போ டேனரி ஏஜெண்டு வந்து நெலத்தயே குடுத்துடுன்றான்" என்றாள் மனைவி. "கெட்ட கெணத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்றான். கெடுத்தவனே கேக்கறான் பாரு. ஆடி பொறக்கறதுக்குள்ள பத்திரம் பண்ணணுமாம். கேஸு போட வழி இருந்தா நாங்க எதுக்கு விக்கறோம்? அத்தத்தான் கேக்க வந்தோம்."

குமாஸ்தா என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பரீட்சை எழுதிய சூடு இன்னும் இருந்தது. "டேனரி எவ்ளோ வருசமா இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க அப்பா காலத்துலேந்து இருக்குதுங்க. இருவத்தஞ்சு வருசம் இருக்கும்."

"அப்போ நிக்காது" என்றார் குமாஸ்தா. பிறகு பதினோராம் பாடத்துச் சாரத்தை, எனக்கு மரியாதை செய்கிற மாதிரி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

நான் எழுதிய வாக்கியம், பாதி அறுக்கப்பட்டு, என் கண் முன்னாலேயே ஒரு குடும்பத்தின் கழுத்தில் விழுகிறது. "நிற்கும்" என்று கத்திவிட்டேன். "நாலு வருஷம் முன்னால கெட்ட கிணறு. எண்ண வேண்டியது அங்கேயிருந்துதான். வழக்கு நிற்கும்."

குமாஸ்தா திகைத்துப் போனார். "சார், புஸ்தகத்துல அப்டி இல்லியே? நீங்க குடுத்த புஸ்தகந்தானே?"

"புத்தகத்துல வெட்டிட்டாங்க."

"யாரு சார்?"

நான் பதில் சொல்வதற்குள் நிலத்துக்காரர் சொன்னார்: "ஏஜெண்டும் அதத்தான் சொன்னான் ஐயா. கேஸு நிக்காது, வேலூர்ல பெரிய வக்கீலே எங்க பக்கம் இருக்காருன்னான்." அவர் பெயரையும் சொன்னார். எங்கள் தலைவர் பெயர்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாரமும் இல்லை, மூன்று வரியும் இல்லை. டேனரிக்காரர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடி ஜெயிப்பதை விட, வழக்கே கோர்ட்டுக்கு வராமல் செய்வது சுலபம். அதற்கு ஜட்ஜை வளைக்க வேண்டாம். சட்டத்தை மாற்ற வேண்டாம். வாசலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களுக்கு ஒரு வரி குறைவாகப் பாடம் சொல்லிக்கொடுத்தால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றையே நான்தான் வடித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐயா, எது நெசம்? அச்சுல இருக்கறதா, நீங்க சொல்றதா?" என்று கேட்டார் நிலத்துக்காரர்.

"நான் சொல்றதுதான். அதையும் அச்சிலேயே கொண்டு வரேன். அதுவரைக்கும் பத்திரத்துல கைநாட்டு வைக்காதீங்க."

"ஆடி பொறக்கறதுக்குள்ள வர்றீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் தலைவர் வீட்டில் நின்றேன். வழக்குக் கட்சிக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். காபி கொடுக்கச் சொன்னார். நான் காபியைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"வாத்தியாரே, எல்லாத்தையும் எழுதினா அது பாடமா? சுருக்கந்தானே பாடம்?" என்றார்.

"சுருக்கினது சரி சார். எதைச் சுருக்கினீங்கன்னுதான் கேக்கறேன்."

"உங்க புத்தகத்தைக் காட்டி எவனாவது கோர்ட்டுல வாதாடப் போறானா? அங்க சட்டம் இருக்கு. முன்சீப் படிச்சுத்தான் தீர்ப்பு எழுதுவார்."

"அந்த மனுஷர் கோர்ட்டு வாசப்படி வரைக்கும் வரவே முடியலையே சார். குமாஸ்தாவே திருப்பி அனுப்பறான். நம்ம பாடத்தை ஒப்பிச்சு அனுப்பறான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ரொம்ப நல்லாப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார்.

பிழை திருத்தத் தாள் ஒன்று போட வேண்டும், இல்லையென்றால் கமிட்டியில் பேசுவேன் என்றேன். "பேஷாப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை கூடுறோம்" என்றார்.

கமிட்டி கூடியது. எல்லோரும் கற்றவர்கள், எல்லோரும் அந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். வடையும் காபியும் வந்தன. நான் எழுந்து வரியைப் படித்தேன், மூலச் சட்டத்தையும் படித்தேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். ஒருவர் மின்விசிறி இல்லாததைப் பற்றிச் சொன்னார். ஒருவர் வடையில் மிளகு அதிகம் என்றார். கடைசியில், பிழை திருத்தத் தாள் போடலாம், ஆனால் அதில் அச்சுப் பிழைகள் மட்டுமே வரலாம் என்று தீர்மானம் ஆயிற்று. ஒரு பக்கத்தின் எண் தலைகீழாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்துவது பற்றி அரைமணி நேரம் அக்கறையாகப் பேசினார்கள்.

வெளியே வந்ததும் ஒரு இளம் வக்கீல் என் தோளில் கை வைத்தார். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றார் தாழ்ந்த குரலில்.

"அப்போ நீங்களே அந்தக் கேஸைப் போடுங்களேன்."

"அவர்கிட்டதானே நான் தொழில் கத்துக்கிட்டேன். எப்டி முடியும்?"

தலைவர் மேல் வந்ததைவிட இவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. திருடனாவது தன் ஆதாயத்துக்குத் திருடுகிறான். பார்த்துக்கொண்டு நிற்கிற இந்த யோக்கியன் எந்த ஆதாயத்துக்கு நிற்கிறான்? அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நடந்தேன்.

நேரே கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பாயின் சின்ன அச்சுக்கூடம். தோல் கட்டுகளில் ஒட்டும் சீட்டும், கல்யாணப் பத்திரிகையும் அடிப்பவர். சங்கத்துப் புத்தகம் அடித்த பிரஸ்ஸுக்குப் போனால் சேதி தலைவருக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பாயிடம் தாளைக் கொடுத்தேன். வெட்டிய வாக்கியத்தை முழுசாக எழுதி, இது பதினோராம் பாடத்தில் சேர வேண்டியது என்று கீழே குறித்திருந்தேன்.

பாய் படித்துப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, இத்தினிக்காண்டு காகிதத்துக்கா மூஞ்சி இப்டி சிவந்து போய்க்கீது?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். "எங்க மச்சான் ஊடும் அங்கதான். அவுங்க கெணறும் போச்சு. வேலை பாக்கறதும் அந்த ஷாப்புலதான், யாரைப் போய்க் கேக்கறது? ஒக்காரு" என்று தாமே எழுத்துக் கோக்க உட்கார்ந்தார். ஆனால் அவர் மிஷினில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஏறியிருந்தது. ஆடிக்கு முன்னால் முடிய வேண்டிய கல்யாணம். அது இறங்கி, மை காய்ந்து, என் சீட்டு கைக்கு வர ரெண்டு நாள் பிடித்தது. ஊரில் எல்லோருக்கும் ஆடிக்குள் ஏதோ ஒன்று முடிய வேண்டியிருந்தது.

காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்கினேன். கையில் சீட்டுக் கட்டு. குமாஸ்தா வேலை செய்யும் வக்கீல் வீட்டு வாசலில் மேஜை காலியாக இருந்தது. பத்திரம் பதிய ரிஜிஸ்திரார் கச்சேரிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஓடினேன்.

கச்சேரித் தாழ்வாரத்தில் ஒரே கூட்டம். ஆனி முடிகிறதே, ஊரில் உள்ள பத்திரமெல்லாம் அன்றைக்குத்தான். தூணோரமாக நிலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். இடது கைப் பெருவிரலை மற்ற விரல்களில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். விரலில் மை. பக்கத்தில் மனைவி. கொஞ்சம் தள்ளிக் குமாஸ்தா. என்னைப் பார்த்ததும் குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வரேன்னு சொன்னேனே" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"நீங்க சொன்னத இவருகிட்ட சொன்னேன் ஐயா" என்றார் நிலத்துக்காரர், குமாஸ்தாவைக் காட்டி. "இவரு புஸ்தகத்தத் தொறந்து மொதப் பக்கத்தக் காட்டினாரு. பெரிய வக்கீலு பேருதான் போட்டிருக்குதாம். உங்க பேரு எங்கயும் இல்லியாம்."

இல்லைதான். அது உண்மை. சங்கத்து வழக்கப்படி புத்தகத்தில் தலைவர் பெயர்தான் வரும். எழுதிய சம்பளக்காரன் பெயர் வராது. அதைப் பற்றி அதுவரை நான் கவலைப்பட்டதுகூட இல்லை.

குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: "என் நற்சாட்சிப் பத்திரத்துலயும் அவருதான் கையெழுத்துப் போடணும் சார். நான் இன்னா பண்ணட்டும்?"

அந்த அம்மாள் எழுந்தாள். அவளுக்கு என்னிடம் எந்த மரியாதையும் மிச்சமில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. "படிச்சவன் அத்தினி பேரும் நிக்காதுன்றான். நீ ஒருத்தன் வந்து நிக்கும்ன்ற. யாரு சொல்றது நெசம்னு பாக்க எங்க நெலந்தானா கெடச்சுது உங்களுக்கு?" என்றாள்.

சீட்டை நீட்டினேன். முட்டாள்தனம்தான், கையில் இருந்தது அது ஒன்றுதான். நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நிமிஷம் எழுத்தைப் பார்த்தார். பிறகு, நான் அதற்குத்தான் கொடுத்தேன் என்று நினைத்தாரோ என்னவோ, பெருவிரல் மையை அதில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மீதிச் சீட்டுகளைச் சங்கத்தில் விற்காமல் இருந்த பிரதிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். யாரும் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பது ஆடி பிறந்து ஒரு வாரத்தில் தெரிந்தது.

தலைவர் கூப்பிட்டனுப்பினார். புத்தகம் நன்றாகப் போகிறது, மதுரைப் பக்கத்திலிருந்துகூடக் கேட்கிறார்கள், மறுபதிப்புப் போட வேண்டும் என்றார். மேஜையில் நான் ஒட்டிய பிரதி ஒன்று விரிந்து கிடந்தது.

"அந்த வரி சொன்னீங்களே வாத்தியாரே, அதை இப்போ போட்டுடலாம். சட்டம்னா முழுசா இருக்கறதுதான் அழகு. ஒரு பாரம் அதிகமானா ஆகட்டும்" என்றார்.

இப்போ என்கிற சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்றால், வெயில் தணிந்துவிட்டது, இப்போ கடைக்குப் போகலாம் என்பது போல. டேனரிக்கு வேண்டிய நிலம் பத்திரமாகிவிட்டது; இனி அந்த வரியால் அவருக்கு நஷ்டம் இல்லை. மைக்கூட்டைத் தூக்கி அவர் வெள்ளைச் சட்டையில் வீச வேண்டும் என்று இருந்தது. வீசவில்லை. ஆற்றோரம் இன்னும் எத்தனையோ கிணறு இருக்கிறது என்ற ஒரே நினைப்பில் உட்கார்ந்து வாக்கியத்தை எழுதினேன். பாடத்தில் எழுதினேன், சாரத்திலும் எழுதினேன். அவர் வாங்கிப் படித்து, நீலப் பென்சிலால் ஓரத்தில் 'சரி' என்று போட்டார். அந்தப் பாரம் அச்சாகி முடிகிற வரை பிரஸ்ஸிலேயே காவல் கிடந்தேன். முடிந்த அன்றைக்கு வேலையை விட்டேன்.

அதற்கு முன்னாலேயே அந்தக் கிணற்றைத் தூர்த்து, மேலே தோல் காயப்போடக் களம் போட்டிருந்தார்கள். பழைய நிலத்துக்காரர் அந்த டேனரியிலேயே தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் கூலிக்கு இறங்குகிறார் என்று பாயின் மச்சான் சொன்னதாகக் கேள்வி.

புத்தகம் இப்போது நாலாவது பதிப்பு. பதினோராம் பாடம் முழுசாக இருக்கிறது. ஆம்பூரில் பரீட்சை எழுதுகிற குமாஸ்தாக்கள் எல்லோரும் வழக்கு நிற்கும் என்று எழுதி முழு மார்க்கு வாங்குகிறார்கள்.